கடைக் கணக்கும் நோட்டுக் கணக்கும்: மேல்மலைப் பள்ளியில் கழித்தல் பட்ட பாடு

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இருக்கும் ஊர்களை மேல்மலை என்போம். அங்கே ஈராசிரியர் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2024 ஜூன் முதல் 2025 ஏப்ரல் வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் பிள்ளைகள் பெயரும் வேண்டாம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

அப்பா குத்தகை நிலத்தில் பூண்டு போடுகிறார். பாட்டி ஞாயிறு தவறாமல் கொடைக்கானல் சந்தைக்குப் போய், சாக்கு விரித்துப் பூண்டும் பட்டர் ஃப்ரூட்டும் விற்பார். பக்கத்தில் பாப்பா. பாட்டிக்குக் கண் சரியில்லாததால் சில்லறை கொடுப்பது பாப்பாவின் வேலை. இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பின்னால்தான். ஜூன் மாதம் எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்தப் பிள்ளைக்குக் கழித்தல் வராது என்பது மட்டும்.

முதல் வாரம் பத்துக் கணக்கு கொடுத்தேன். 587இலிருந்து 243 போன்றவை எல்லாம் சரி. மேலே சின்ன எண்ணும் கீழே பெரிய எண்ணும் வந்த இடமெல்லாம் தப்பு. சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது பார்த்தால் கவனக்குறைவு யாருடையது என்று தெரிகிறது. 402 – 178 என்ற கணக்குக்கு அவள் எழுதியிருந்த விடை 376. எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு, ஏழிலிருந்து சைபர் போனால் ஏழு, நான்கிலிருந்து ஒன்று போனால் மூன்று. மேலே கீழே என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். தப்பான கணக்குகள் அத்தனையிலும் இதே வழிதான், ஓரிடத்தில்கூடத் தடம் மாறவில்லை. கவனமில்லாத பிள்ளை இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது.

இது பழைய விஷயம். ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இலேயே இதை எழுதிவிட்டார்கள். குழந்தைகளின் கழித்தல் தவறுகளில் பெரும்பகுதி கை தவறி விழுந்தவை அல்ல, குழந்தை ஒரு தவறான விதியைச் சரியாகப் பின்பற்றுவதால் வருபவை என்பது அவர்கள் கண்டது. கணினி நிரலில் இருக்கும் பிழையைப் போல அந்த விதியைத் தேடிப் பிடிக்கலாம் என்று காட்டினார்கள். பயிற்சி வகுப்பு எத்தனையோ போயிருக்கிறேன். விடைத்தாளில் மதிப்பெண்ணைப் பார்க்காமல் தவறின் தடத்தைப் பார் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தந்ததில்லை.

பூண்டை வகுப்புக்குள் கொண்டுவந்த கதை

ஜூலையில் நான் செய்தது, யாரும் செய்யக்கூடியதுதான். "வாழ்க்கையோடு இணைத்துக் கற்பியுங்கள்" என்பது எல்லோரும் சொல்லும் வாசகம். கழித்தல் கணக்குகளை எல்லாம் பூண்டுக் கதையாக மாற்றினேன். கிலோ 480 ரூபாய். முக்கால் கிலோ பூண்டும் 25 ரூபாய்க்கு ஒரு பட்டர் ஃப்ரூட்டும் வாங்கியவர் 500 ரூபாய்த் தாள் கொடுக்கிறார். மீதி எவ்வளவு?

நான் வாசித்து முடிப்பதற்குள் பாப்பா சொல்லிவிட்டாள்: "நூத்திப் பதினஞ்சு, டீச்சர்."

எப்படி என்றேன். அரைக் கிலோ 240, கால் 120, ரெண்டும் 360. பழம் 25 சேர்த்து 385. அதற்கு மேல் அவள் கழிக்கவே இல்லை. "முன்னூத்தி எம்பத்தஞ்சுக்கு அஞ்சு குடுத்தா தொண்ணூறு, பத்து குடுத்தா நானூறு, நூறு குடுத்தா ஐநூறு" என்று விரலால் மேசையில் தாள் வைப்பது போலக் காட்டினாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அதையே நோட்டில் எழுது என்றேன். 500, கீழே 385, கோடு போட்டாள். விடை 285.

ஒரே பக்கம், ஒரே கணக்கு. வாயில் 115, கையில் 285. "ரெண்டும் வேற வேறயா இருக்கே பாப்பா?" என்றேன். அவள் முகத்தில் குழப்பமே இல்லை. "அது கடைக் கணக்கு டீச்சர். இது நோட்டுக் கணக்கு."

(385 ரூபாய்ச் சரக்குக்கு 285 ரூபாய் மீதி கொடுத்தால் பாட்டி சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த விஷயம் அவளுக்கும் தெரியும். ஆனால் நோட்டில் இருக்கும் 500, ரூபாய் இல்லையே.)

இந்தக் காட்சியைப் பிறகு அச்சில் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கும் குழந்தைகளிடம் டெரெசின்யா நூனஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் செய்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளராகப் போய் நின்று கேட்டபோது விடைகளில் 98 சதவீதம் சரி. அதே குழந்தைகளுக்கு அதே அளவுக் கணக்கைக் கதையாகக் கொடுத்தபோது 74. வெறும் எண்ணாக எழுதக் கொடுத்தபோது 37. அங்கே பார்த்தது ஐந்து குழந்தைகளைத்தான். 2025 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது நம் நாட்டுக் கதை, பெரிய அளவில்: கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 குழந்தைகள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோரின் ஆய்வு அது. சந்தையில் சிக்கலான கணக்கை மனத்திலேயே போட்டவர்கள், பள்ளி வடிவில் வந்த அதைவிட எளிய கணக்கில் தடுமாறினார்கள். பக்கத்துப் பள்ளிகளில் படித்த 471 பிள்ளைகளுக்கு நேர்மாறு: நோட்டில் வந்தது, சந்தைக் கணக்கில் வரவில்லை.

நான் இதில் எடுத்துக்கொண்ட விஷயம், "சந்தைப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்" என்பதல்ல. அது மேல்மலையில் யாருக்கும் செய்தி இல்லை. ஒரு பக்கம் இருக்கும் கணக்கு தானாக மறுபக்கம் போய்ச் சேராது என்பதுதான் செய்தி. கணக்கில் பூண்டு என்று எழுதிவிட்டால் போதும் என்று நான் நம்பியது தவறு. பாப்பாவுக்குக் கதைக் கணக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத இடத்துக்கு அவளைக் கூட்டிப் போகாமல் தெரிந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன், ஜூலை முழுக்க.

யார் எங்கே நிற்கிறார்கள்

ஆகஸ்டில் தலைமையாசிரியரிடம் பேசி, மதிய இடைவேளைக்குப் பின் நாற்பது நிமிடம் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கலைத்துவிட்டு, எட்டியிருக்கும் நிலையைப் பார்த்துப் பிரித்து உட்கார வைத்தோம். இது பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நாடெங்கும் செய்வது. அவர்களோடு சேர்ந்து பானர்ஜியும் டுஃப்லோவும் மும்பை, வடோதராவில் 2001–03இல் நடத்திய சோதனையில் தொடங்கி, வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் கற்பித்தால் பின்தங்கிய பிள்ளைகள் மேலே வருகிறார்கள் என்பதற்குச் சான்று சேர்ந்துகொண்டே போகிறது. 2019 நோபல் பரிசு அந்த வகை வேலைக்குத்தான். நம் மாநிலத்தில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைப் பிரிவும் இதே யோசனை. ஈராசிரியர் பள்ளியில் எப்படியும் எல்லாரும் ஒரே அறையில்தான். அதனால் எங்களுக்கு இது நகரத்துப் பள்ளிகளைவிடச் சுலபம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் "நான் போய் அரும்பா?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பூவின் பெயரை வைத்தாலும் பிள்ளைகளுக்குப் படிக்கட்டு தெரியாமல் போகாது.

பாப்பாவின் வகுப்பு 2021 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தது. பள்ளி திறந்ததோ நவம்பர் 1. அந்த ஆண்டுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கொரோனா கணக்கில் எழுதுவது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்திலேயே சரியாகிவிட்டது என்கிறது. மீண்டதில் 24 சதவீதம், தன்னார்வலர்கள் மாலையில் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் வந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. மூன்றாண்டு கழித்தும் நான் கொரோனாவைக் காரணம் சொல்வது எனக்கே உறுத்தியது.

நிலை பார்க்கும்போது இன்னொன்று அகப்பட்டது. எண்களைச் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். நானூற்று இரண்டு என்றேன். பாப்பா எழுதியது 4002. நூற்று மூன்று, 1003. காதில் விழுந்தபடி எழுதுகிறாள்: நானூறு எழுதி, பக்கத்தில் இரண்டு. தமிழ் எண் பெயர்கள் பெரும்பாலும் நேர்மையானவை; பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும் என்று பெயரே சொல்லிவிடும். தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டும்தான் வம்பு: தொண்ணூறில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் முன்கூட்டியே எட்டிப் பார்க்கின்றன. தொள்ளாயிரத்து ஐந்தை 9005 என்று எழுதிய பிள்ளைகள் நாலு பேர். 402இல் நடுவே இருக்கும் சைபர் எதற்கு நிற்கிறது என்று தெரியாதவளுக்கு, அந்த சைபரிடம் கடன் வாங்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பீரோவில் செயல்வழிக் கற்றல் காலத்து அட்டைகள் கிடந்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த அந்த முறையின் மிச்சம். பாதி அட்டைகளைக் கரையான் தின்றிருந்தது. 400 என்று நீளமான அட்டை, அதன் மேல் வலது ஓரமாக 2 என்று சின்ன அட்டையை வைத்தால் கடைசிச் சைபர் மறைந்து 402 தெரியும். அட்டையை எடுத்தால் சைபர் அடியில் அப்படியே இருக்கும். பாப்பா அதை எடுப்பதும் வைப்பதுமாகப் பத்துத் தடவை பார்த்தாள். 4002 அதற்குப் பிறகு இரண்டொரு முறைதான் வந்தது.

"கடனை எப்பத் திருப்பிக் குடுக்கிறது?"

அடுத்தது கழித்தல். கரும்பலகையில் வழக்கம்போல, இரண்டிலிருந்து எட்டுப் போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்றேன். நான் படித்தபோதும் இப்படித்தான், என் அம்மா படித்தபோதும் இப்படித்தான். பாப்பா கேட்டாள்: "கடன் வாங்குனா எப்பத் திருப்பிக் குடுக்கிறது டீச்சர்?"

பூண்டு விதைக்கே மண்டியில் முன்பணம் வாங்கும் வீட்டுப் பிள்ளை. கடன் என்ற சொல்லின் பொருள் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் கேட்டது கணக்கின் உயிர்நாடியான கேள்வி. கடன் வாங்கினால் வாங்கியவனிடம் கூடும், கொடுத்தவனிடம் குறையும், பிறகு திரும்ப வரவேண்டும். இங்கே திரும்ப வருவதே இல்லை. ஏனென்றால் இது கடனே இல்லை. நானூற்று இரண்டு ரூபாய் கையில் வைத்திருப்பவள் ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்றிக்கொள்கிறாள், அவ்வளவுதான். மொத்தம் அதே நானூற்று இரண்டு. அன்றைக்கே சொல்லை மாற்றினேன்: சில்லறை மாத்துறது.

பொருள் வைத்துச் செய்யலாம் என்று பூண்டுப் பல்லையே முதலில் எடுத்தேன். வகுப்பு முழுக்க வாசம் என்பது ஒரு பக்கம். பூண்டை யாரும் எண்ணி விற்பதில்லை, நிறுத்துத்தான் விற்கிறார்கள். பத்துப் பல் சேர்ந்தால் வேறொன்றாக ஆவதும் இல்லை. அடுத்து, கடையில் விற்கும் விளையாட்டு ரூபாய்த் தாள் வாங்கினேன். பளபள அச்சு, காந்தி படம் போன்ற ஏதோ ஒன்று. பிள்ளைகள் புது நோட்டு யாருக்கு என்று சண்டை போட்டதில் பாதி நேரம் போயிற்று. நிகோல் மெக்நீல் குழுவினர் 2009இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். நிஜப் பணம் போலவே இருக்கும் தாளும் நாணயமும் வைத்துக் கணக்குப் போட்ட குழந்தைகள், அவை இல்லாமல் போட்டவர்களைவிடக் கூடுதலாகத் தவறினார்கள். ஆனால் கணக்கையே புரிந்துகொள்ளாமல் செய்யும் தவறு அவர்களிடம் குறைவாக இருந்தது. அதாவது பணம் என்ற எண்ணம் உதவுகிறது, பளபளப்புக் கெடுக்கிறது. பழைய விடைத்தாளின் பின்பக்கத்தைக் கத்தரித்து 100, 10, 1 என்று பேனாவால் எழுதிக்கொண்டோம். சண்டை நின்றது.

402 என்றால் நாலு நூறுச் சீட்டு, இரண்டு ஒன்றுச் சீட்டு. 178 எடுக்க வேண்டும். பாப்பா ஒரு நூறை என்னிடம் நீட்டிப் பத்து பத்துகள் வாங்கினாள். அதில் ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒன்றுகள் வாங்கினாள். இப்போது மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நோட்டில் உடனே ஒரு அடித்தல், மேலே ஒரு புது எண். சீட்டு நகராமல் பேனா நகரக்கூடாது என்பது விதி. 224 வந்தது. எண்ணிப் பார்த்தாள், மேசையிலும் 224. இதை ஒரு வாரம் தினமும் செய்தோம். பிறகு சீட்டுக்குப் பதில் படம், பிறகு வெறும் எண். பொருள், படம், குறி என்ற இந்த வரிசை ஜெரோம் புரூனர் 1960களில் சொன்னது; சிங்கப்பூர்க்காரர்கள் பாடநூலாகவே ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் பாப்பாவுக்குப் பாலமாக அமைந்தது வேறு. அவளுடைய கடைக் கணக்கையே நோட்டில் எழுத வைத்தேன். ஒரு கோடு, இடது ஓரத்தில் 385, வலது ஓரத்தில் 500. நடுவில் அவள் சொல்லும் தாவல்கள்: 5, 10, 100. நெதர்லாந்துப் பள்ளிகளில் வெற்று எண்கோடு என்று இதைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு நேர் பக்கத்தில் அதே கணக்கு செங்குத்தாக. ஒரே ஒரு நிபந்தனை: இரண்டும் ஒரே விடை தர வேண்டும், தராவிட்டால் எது தப்பு என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். கடைக் கணக்கு வேறு நோட்டுக் கணக்கு வேறு என்று சொல்லித் தப்பிக்க இடமில்லாமல் போயிற்று.

அக்டோபர், நவம்பர் மழையில் வருகை பாதி. டிசம்பரில் கழித்தலை மட்டும் தனிப் பக்கமாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பக்கம் முழுக்கக் கழித்தலாக இருந்தால் பிள்ளை யோசிக்க வேண்டியதே இல்லை, கை தானாகக் கழிக்கும். கூட்டல், கழித்தல், பெருக்கல், ஒரு வாரத்துக்கு முன் நடத்தியது, போன மாதம் நடத்தியது எல்லாம் கலந்து தினம் ஆறு. டக் ரோரர் குழு 54 வகுப்புகளில் நடத்தி 2020இல் வெளியிட்ட சோதனையில், கலந்து பயிற்சி செய்தவர்கள் ஒரு மாதம் கழித்து எழுதிய தேர்வில் 61 சதவீதம், ஒரே வகையாகப் பயிற்சி செய்தவர்கள் 38. அது ஏழாம் வகுப்பு, அமெரிக்கா. எங்கள் நான்காம் வகுப்பில் முதல் இரண்டு வாரம் மதிப்பெண் இறங்கியது; ஒரு அப்பா வந்து கேட்டும்விட்டார். இறங்கும் என்பதை எதிர்பார்த்திருந்ததால் கலங்கவில்லை என்று எழுதினால் பொய். கலங்கினேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம். 703 – 248. பாப்பா செங்குத்தாகப் போட்டாள்: 445. நடுச் சைபரைத் தாண்டி ஏழிலிருந்து நேராக ஒன்றுக்குக் கொண்டுவந்துவிட்டாள், பத்தின் இடத்தில் பழைய வழக்கம் திரும்பிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே பக்கத்தில் கோடு கிழித்தாள். 248க்கு 2 – 250, 50 – 300, 400 – 700, 3 – 703. கூட்டினாள், 455. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒத்து வரல டீச்சர்."

"எது சரி?"

"கோடுதான். இதுல பத்து ரூவாயையே மாத்தாம வுட்டுட்டேன்." அழித்துவிட்டு மறுபடி போட்டாள். ஜூலையில் இருந்த பிள்ளைக்கு 115உம் 285உம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் உறுத்தவில்லை. இப்போது பத்து வித்தியாசம் உறுத்துகிறது. மதிப்பெண்ணைவிட இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இதை அளக்க அட்டவணை ஏதும் என்னிடம் இல்லை.

இந்த ஆய்வை வைத்து யாரும் ரொம்பத் தூரம் போக வேண்டாம். ஒரே ஒரு பிள்ளை; ஒப்பிட வேறு வகுப்பு இல்லை. நிலைப் பிரிப்பு, அட்டை, சீட்டு, எண்கோடு, கலவைப் பயிற்சி என்று ஐந்தையும் மாற்றி மாற்றிச் செய்ததில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, ஐந்தாம் வகுப்பில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த அந்தப் பையனுக்கு எண்கோடு சுத்தமாக உதவவில்லை. அவன் அப்பா டெம்போ ஓட்டுகிறார். அவன் சந்தையில் உட்கார்ந்ததே இல்லை. ஏறு கணக்காக மீதி கொடுப்பது அவனுக்குப் புதிதாக ஒரு பாடம், கூடுதலாக ஒரு சுமை. சீட்டும் செங்குத்துக் கணக்குமே அவனுக்குப் போதுமாக இருந்தது, மூன்று வாரத்தில் வந்துவிட்டான். பாப்பாவுக்குக் கட்டிய பாலத்தில் அவனையும் ஏற்றியது என் தவறு. வகுத்தல் இருவருக்குமே இன்னும் தகராறுதான்.

ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. வினாத்தாளில் "இனமாற்றம் செய்து கழிக்க" என்று இருந்தது. பாடநூலின் சொல் அதுதான். கடன் என்பது எங்கள் வாய் வழக்கு, சில்லறை நானாக வைத்தது. எட்டு மாதம் சில்லறை சில்லறை என்று சொல்லிவிட்டு, புத்தகச் சொல்லை அதோடு சேர்த்து ஒரு தடவைகூடச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்தப் பையன் கை தூக்கினான். "டீச்சர், இனமாற்றம்லாம் நீங்க நடத்தவே இல்ல."

தேர்வு அறையில் நான் பதில் சொல்லக்கூடாது. முன் பெஞ்சிலிருந்து பாப்பா திரும்பாமலே சொன்னாள்: "மேல சின்னது, கீழ பெருசு. பாரு, சில்லறை மாத்துறதுதான்டா."